இந்த ஏரியை யார் கட்டினார்கள்?

எனக்குப் பத்து வயது நடந்தபோது ஒரு முழு வாரம் எரிமலைக்காகப் பிரார்த்தித்தேன். எரிமலை வெடிக்க வேண்டும் என்றல்ல, எனக்குக் கிடைக்க வேண்டும் என்று. புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரிகூட நேர்ந்துவைத்தேன்.

எங்கள் வகுப்பு ஆசிரியை நிலவடிவங்களின் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, தன் வைக்கோல் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு தாள். எடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதை மூன்று வாரத்துக்குள் வீட்டில் மாதிரியாகச் செய்து கொண்டுவர வேண்டும். அது சும்மா பொம்மையாக இருந்தால் போதாது, பெற்றோர் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை அவர்கள் கண்முன்னால் இயங்கிக் காட்டவும் வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது நூலக வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், செய்தவரின் பெயரோடு, வருடம் முழுக்க இருக்கும். அந்தப் பெட்டியில் என் பெயர் வரப்போகும் இடத்தை நான் முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தேன்.

வகுப்பில் எல்லாருக்கும் எரிமலைதான் வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரமே பழைய எரிமலைகளின்மேல் இருப்பது, அங்குள்ள பிள்ளைகளுக்கு எரிமலை பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. நாங்கள் குடியிருந்த த்ரீ கிங்ஸ் பகுதியிலேயே ஒருகாலத்தில் மூன்று சிகரங்கள் இருந்தனவாம். பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துத் தெருவுக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றின் புல்சரிவில் நாங்கள் காட்போட் மட்டையில் உட்கார்ந்து வழுக்கி விளையாடுவோம். அதுபோக, எரிமலை செய்வது லேசு. பேக்கிங் சோடாவும் வினாகிரியும் இருந்தால் வெடித்துவிடும். வேலை குறைவு, கைதட்டு நிச்சயம்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் கண்ணைக்கூட மூடாமல் தொப்பிக்குள் கைவிட்டு எரிமலையை எடுத்தான். நான் கண்ணை இறுக்க மூடி, ஒரு அருள்நிறை மரியே செபத்தை முழுதாகச் சொல்லி முடித்து எடுத்தேன். 'மலைத்தொடர்களுக்கு நடுவில் ஏரிப் பள்ளத்தாக்கு' என்று இருந்தது. மெழுகுதிரியைக் கொளுத்துவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து ஆசிரியை ஒரு படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தென்தீவில் எங்கோ எடுத்தது. நீட்டிய விரல் மாதிரி நெடுகப் போகும் ஏரி. இரண்டு பக்கமும் மலை, மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் வெண்பனி மூடிய மலை. பார்த்துக்கொண்டே இருந்தேன். தென்தீவுக்கெல்லாம் எங்கள் வீட்டில் யார் போனது? லீவு கிடைத்தால் கடற்கரை, அதுவும் கொத்துரொட்டியைச் சுற்றிக்கொண்டு. கலண்டர் படங்களில் வருகிற மாதிரி ஒரு இடம் நான் இருக்கும் இதே நாட்டில் உண்மையாகவே இருக்கிறது என்பதையே என்னால் நம்ப முடியவில்லை.

ஆசிரியை கதை சொல்வது மாதிரிச் சொன்னார். வெகு காலத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு பனிக்கட்டி ஆறு இருந்தது. மலையளவு உயரம். தன் கனத்திலேயே அது மெல்ல மெல்ல, ஒரு நாளைக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று கீழே நகர்ந்தது. நகரும்போது இரண்டு பக்கத்து மலையையும் சுரண்டி, அடியைத் தோண்டி, பள்ளத்தைத் தொட்டி மாதிரி அகலமாக்கியது. பிறகு உலகம் சூடேற, பனி உருகிப் பின்வாங்கியது. அது கிடந்த இடத்தில் தண்ணீர் வந்து நிறைந்தது. மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தை மேற்கு மலைகள் மறித்துத் தாமே குடித்துவிடுவதால் அந்தப் பக்கம் கரும்பச்சைக் காடு. அவை குடித்து மிச்சம் வைப்பதுதான் கிழக்கு மலைகளுக்கு, அதனால் அங்கே வெறும் மஞ்சள் புல். ஒரே ஏரிக்கு இரண்டு கரையும் இரண்டு நிறம்! எரிமலை என் மண்டையிலிருந்து அந்த நிமிடமே இறங்கிப்போய்விட்டது. மணி அடித்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டமாக ஓடினேன்.

அப்பா ஈஸ்ட் டாமாக்கியில், குளிர்சாதனப் பெட்டிகளைப் பொதிசெய்து அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது தலைமயிரில் எப்போதும், பெட்டிகள் அடிபடாமல் சுற்றி வைக்கும் ரெஜிஃபோம் நுரை அட்டையின் துகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். அன்று சப்பாத்தைக் கழற்றக்கூட விடாமல் நான் படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"நல்ல வடிவான குளம். இதை ஆர் கட்டினது?"

"நோபடி, அப்பா. ஐஸ் மேட் இட்."

"அது சரி. கட்டு எந்தப் பக்கம்?"

இதில் அப்பாவைக் குறைசொல்ல முடியாது. அவர் இலங்கையில், மன்னாரின் வயல் பக்கத்தில் பிறந்தவர். அங்கே மனிதன் கட்டாத குளம் என்று ஒன்று கிடையாது. தரை சரியும் பக்கமாக ஆள் உயரத்துக்கு மேல் மண்ணால் நெடுக ஒரு கட்டுப் போட்டு மறிப்பார்கள். மாரி மழை அதற்குப் பின்னால் தேங்கினால் அதுதான் குளம். கட்டுக்கு அடியில் துருசு என்று ஒரு கதவு இருக்கும், அதைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகும். கட்டு இல்லாவிட்டால் அது வெறும் பள்ளம், தை மாதத்துக்குள் காய்ந்துவிடும். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய கலண்டரில் மாதத்துக்கொரு நியூசிலாந்து ஏரி இருந்தது. ஒவ்வொரு மாதமும் தாளைக் கிழித்ததும் அப்பா கட்டைத்தான் தேடுவார். என் கையிலிருந்த படத்திலும் ஏரியின் கீழ்முனை தாளோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. "கட்டை வெட்டிப்போட்டுப் படம் எடுத்திருக்கிறான்" என்று அந்தப் படம் எடுத்தவன்மீது அவருக்கு ஒரு வருத்தம்.

அம்மா இன்னொரு விதம். அவர் யாழ்ப்பாணம். அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. தண்ணீர் என்றால் தரைக்குக் கீழே இருப்பது, கிணறு வெட்டினால் வருவது. என் திட்டத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பக்கத்தில ஒரு கிணறும் வையுங்கோவன். சனம் குடிக்கிறதுக்கு என்ன செய்யும்?" என்றார். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் நான் ஒரு பனியாற்று ஏரியை உண்டாக்க வேண்டியிருந்தது.

ஆனால் அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் நடந்தது திருவிழா. வீதியோரம் யாரோ கழித்துவிட்டிருந்த அலுமாரிக் கதவு ஒன்றை அப்பா தூக்கிவந்தார், அதுதான் பள்ளத்தாக்கின் அடித்தளம். களஞ்சியத்தில் எறியக் கிடந்த ரெஜிஃபோம் துண்டுகளைக் கேட்டு வாங்கிக் கார் நிறையக் கொண்டுவந்தார், அவைதான் மலைகள். எங்கள் வீட்டு வளவின் மண் எரிமலைக் கல். மழை பெய்து ஐந்து நிமிடத்தில் தண்ணீர் எங்கே போனதென்றே தெரியாது, அதில் ஏரி நிற்குமா? அதனால் வெஸ்ட்கேட்டில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் வேலை செய்த சித்தப்பா, இரண்டு வாளி களிமண்ணைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நான்தான் மேற்பார்வை. அப்பா பாண் வெட்டும் கத்தியால் மலை செதுக்க, நான் படத்தோடு பக்கத்தில் நின்று திருத்துவேன். முதலில் அவர் செதுக்கிய மலைகள் புட்டுக் குவியல் மாதிரி வந்தன. பாவம், இருபது வயதுக்கு மேல்தான் அவர் ஒரு மலையையே கண்ணால் கண்டிருக்கிறார். "ஸ்டீப்பர், அப்பா, ஸ்டீப்பர்!" என்று நான் கத்த, அவர் இன்னும் சீவ, கராஜ் முழுக்கப் பனி பெய்தது மாதிரித் துகள் பறந்தது. அன்றிரவு சம்பலுக்குள்ளும் ரெஜிஃபோம் இருந்தது. அம்மா அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே சாப்பிட்டார். அந்த வரிசையே பெரிய ஏச்சு.

மேற்குப் பக்கத்துக்குப் பச்சை, கிழக்குப் பக்கத்துக்கு மஞ்சள், நடுவில் களிமண்ணைப் பூசி வழித்து அதன்மேல் நீலம். மலை இடுக்குகளில் ஓடைகள், அவை வந்து விழும் தலைமுனையில் கொஞ்சம் மணல். மேற்கு மலையில் பூவாளியால் மழை பெய்தால் தண்ணீர் ஓடைகளில் இறங்கி ஏரியில் நிறைய வேண்டும், நிறைந்து நிற்க வேண்டும். நின்றால் கண்ணாடிப் பெட்டி. நிற்காவிட்டால் நான் எந்த முகத்தோடு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவது? போகிற வருகிற எல்லாரிடமும் என் ஏரி நிற்கும் என்று பீற்றிவைத்திருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா கராஜுக்குள் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஏரியின் கீழ்முனையில் இரண்டு மலைகளுக்கும் நடுவே ஒரு குளக்கட்டு எழும்பியிருந்தது! களிமண்ணால், என் கையளவு உயரத்துக்கு. தண்ணீர்ப் பக்கம் சரிவாக, அந்தச் சரிவில் அலை அடித்து மண் கரையாதபடிக்குக் குறுணிக் கற்கள் பதித்து, உச்சியில் ஆள் நடக்கிற மாதிரி ஒரு பாதை. அடியில் பேனைக் குழாயால் ஒரு துருசு, அதை அடைக்க ஒரு நெருப்புக்குச்சி. கரண்டியின் முதுகால் அவர் அதைத் தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் செய்தவற்றிலேயே வடிவானது அதுதான். எனக்குக் கோபத்தில் காது சுட்டது.

"தட்ஸ் நொட் ரியல், அப்பா! இட்ஸ் எ நேச்சுரல் லேக்!"

"நேச்சுரல் எண்டு தண்ணிக்குத் தெரியுமோ பிள்ளை? அது பள்ளத்தைக் கண்டால் ஓடத்தான் பாக்கும்."

 நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், அழுதேன். அப்பா பூவாளியை என் கையில் தந்தார். ஊற்றினேன். தண்ணீர் ஓடைகளில் குதித்து இறங்கி, நீலத்தின்மேல் பரவி, மெல்ல மெல்ல ஏறி, கட்டில் முட்டி நின்றது. நின்றேவிட்டது! எங்கள் கராஜுக்குள் ஒரு ஏரி! அழுகை எங்கே போனதென்று தெரியாமல் நான் குதித்த குதியில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். அப்பா நெருப்புக்குச்சியை இழுக்க, நூல் மாதிரித் தண்ணீர் வெளியே பாய, மூன்று பேருமாகக் கைதட்டினோம். அன்று பின்னேரம் மட்டும் பதினைந்து தடவையாவது மழை பெய்திருக்கும்.

அதோடு விட்டிருந்தால் சரி. வியாழக்கிழமை எரிமலைப் பையன் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தான். கராஜுக்குள் எட்டிப் பார்த்தான். மலைகளைப் பார்த்து வாயைப் பிளந்தான், எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு விரலை நீட்டி, "வை இஸ் தேர் எ டாம்?" என்று கேட்டான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி என்னைத் தின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் ஏரியும், அதைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டபடி போகும் முழுப் பள்ளிக்கூடமும் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை காலை அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வருவதற்காக அன்று வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். அம்மா ஆசிரியைக்குக் கொடுக்க ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். நான் பாண் கத்தியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், கட்டின் நடுப்பகுதியை, துருசும் கல்லும் பாதையுமாக, கேக் வெட்டுவதுபோல வெட்டி எடுத்தேன். அந்த இடத்தைத் தடவித் தட்டையாக்கி நீலம் பூசினேன். வெறுமையாக இருந்தது. சுற்றுலாப் படங்களில் ஏரி முடியும் இடத்தில் ஓர் அழகான ஊர் இருக்குமே என்று நினைத்து, வீட்டிலிருந்த மேசை விளையாட்டொன்றின் சின்ன பிளாஸ்டிக் வீடுகளை, சிவப்பில் நாலும் பச்சையில் நாலும், அங்கே வரிசையாக வைத்தேன். அச்சு அசல் படம் மாதிரியே இருந்தது. தண்ணீர் ஓடிவிடாதா என்று நான் யோசிக்கவே இல்லையா என்றால், யோசித்தேன். படத்தில் நிற்கிறது, அப்படியென்றால் இதிலும் நிற்கும். பத்து வயதில் எனக்கு அது போதுமான நியாயமாக இருந்தது.

கடைசி வேலை வெண்பனி. அது அம்மாவின் யோசனை. அரிதட்டோடு வந்து, சிகரங்களின்மேல் வெள்ளை அரிசிமாவை அரித்துத் தூவினார். தட்டித் தட்டித் தூவ, மலைகள் உண்மையாகவே குளிர்ந்துபோயின. கீழே மா விழாமல் இருக்கவென்று நான் ஏரியையும் ஊரையும் துணியால் மூடியிருந்தேன், அதனால் கட்டுப் போனதை அவர் காணவில்லை. கண்டிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு இருந்தது கிணறு வைக்கவில்லை என்ற கோபம் மட்டுந்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டில் விரிப்பைப் போர்த்தினோம்.

காரின் பின் இருக்கைகளை மடித்துப் பள்ளத்தாக்கை ஏற்றினோம். மேற்கு மலைத்தொடரை நான் பிடித்தேன், கிழக்கு மலைத்தொடரை அம்மா பிடித்தார், மடியில் ரோல்ஸ் தட்டு. மவுண்ட் ஆல்பர்ட் ரோட்டில் அப்பா இருபதில் ஓட்ட, பின்னால் வந்த கார்களெல்லாம் ஹோன் அடித்தன. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா ஒரு அருள்நிறை மரியே சொன்னார். அந்தப் பயணத்தின் சந்தோஷத்தை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. விரிப்புக்கு அடியில் ஒரு முழு நாடு எங்களோடு கூட வந்துகொண்டிருந்தது.

பள்ளி மண்டபம் நிறையச் சனம். மேசை மேசையாகத் தீவுகள், குகைகள், மணல்மேடுகள், நாலு எரிமலைகள். பரிசு தீர்க்க ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார். வாழ்நாள் முழுக்க மலைகளில் நடந்து ஆராய்ச்சி செய்தவர் என்றார்கள். காலில் அப்போதும் மலையேறும் சப்பாத்து. எரிமலைப் பையனின் எரிமலை உச்சியால் சிவப்பு நுரையைக் கக்க, மண்டபம் அதிர்ந்தது. அடுத்தது நான்.

விரிப்பை இழுத்தேன். "ஓ!" என்று ஒரு சத்தம் எழும்பியது. அந்த "ஓ!" இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அப்பா மலைகளைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, கட்டு எங்கை?"

"ஐ டுக் இட் ஆஃப். ப்ளீஸ், அப்பா."

"பொறு. ஊத்தாதை. பொறு பிள்ளை!"

யார் பொறுத்தது? ஆசிரியை தலையசைத்துவிட்டார், சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் பூவாளியைச் சரித்தேன்.

மேற்கு மலைகளில் மழை பெய்தது. முதலில் போனது அம்மாவின் வெண்பனி. மா கரைந்து, ஓடைகளெல்லாம் பால் ஓடைகளாகி, என் நீல ஏரிக்குள் வந்து விழுந்தன. ஏரி கலங்கி, வெளுத்து, பால் கலந்த நீலமாக ஏறியது. என் ஏரி கெட்டுப்போயிற்று என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கீழ்முனையைக் கண்டுபிடித்துவிட்டது. தயங்கியது மாதிரி ஒரு கணம் வீங்கி நின்று, வீடுகளை நோக்கிப் புறப்பட்டது.

படார் என்று ஒரு கை விழுந்தது. அப்பாவின் வலக்கை, முதல் சிவப்பு வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில், குறுக்கே. "உம்மடை ஷோலைத் தாரும்!" என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா தோளிலிருந்த சால்வையைப் பறித்துக் கொடுக்க, அதைச் சுருட்டி வெட்டிய இடத்தில் திணித்து, கையால் அழுத்திப் பிடித்தார். விரல் இடுக்கால் இரண்டு சொட்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஏரி நிறைந்தது. நிறைந்து, மலைகளுக்கு நடுவில் ஆடாமல் நின்றது.

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குக் கன்னம் எரிந்தது. மலையேறும் சப்பாத்து அம்மா மேசைக்கு வந்து, குனிந்து, மூக்குத் தண்ணீரில் படும் அளவுக்குக் கிட்டப் பார்த்தார். "வாட்ஸ் ஹோல்டிங் இட்?" என்று கேட்டார்.

"மை ஹேண்ட்" என்றார் அப்பா.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துவைத்து விளக்கினார். இப்படியான ஏரிகளின் கீழ்முனையில் உண்மையாகவே ஒரு கட்டு இருக்கும். பனியாறு வரும்போது கல்லையும் மண்ணையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, நின்ற இடத்தில் மேடாகக் குவித்துவிட்டுப் பின்வாங்கும். அந்த மேடுதான் தண்ணீரை மறித்து நிற்கிறது. உன் மாதிரியில் அது மட்டுந்தான் இல்லை என்றார். இந்தப் பால் நிறத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் கேட்டார். பனி பாறையை அரைத்து அரைத்து நுண்ணிய தூளாக்குமாம், அது கரைந்துதான் அந்த ஏரிகளுக்கு இதே நிறமாம். கலண்டர்களில் பார்க்கிற சுத்த நீலத்தைவிட இதுதான் உண்மைக்குக் கிட்ட என்றார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முன்னால் வந்து, "ரைஸ் ஃப்ளவர்" என்றார், பெரிய கண்டுபிடிப்பாளர் மாதிரி.

அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. "இஞ்சரும், கேட்டீரே?" என்று அம்மாவிடம், மண்டபத்துக்கே கேட்கக் கத்தினார். "ஐஸ்தான் கட்டினதாம்! ஐஸும் கட்டுப் போட்டுட்டுத்தான் போயிருக்கு!" நாங்கள் வந்த நாளிலிருந்து இந்த நாட்டைப் பற்றி அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. நான் வெட்டி எறிந்த துண்டு அந்த நேரம் எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது. துள்ளுவதா, மேசைக்கு அடியில் ஒளிவதா என்று தெரியாமல் நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். "நான் சொன்னேன்தானே" என்று அப்பா ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

முதல் பரிசும் கண்ணாடிப் பெட்டியும் எரிமலைப் பையனுக்கே போயின. கட்டு மட்டும் இருந்திருந்தால் என்று மலையேறும் சப்பாத்து அம்மா ஆசிரியையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஒரு நீல ரிப்பன். அதிபர் வந்து அப்பாவுக்குக் கை நீட்டினார். வலக்கை ஏரியில் இருக்கிறது, இடக்கையைக் கொடுப்பது மரியாதையில்லை. அப்பா இரண்டையும் கொடுக்காமல் தலையைக் குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டு நின்றார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதிபர் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு போனார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்தது. வெளியே சொசேஜ் சுட ஆரம்பித்து, அந்த மணம் மண்டபத்துக்குள் வந்தது. சனம் அங்கே போய்விட்டது. அப்பா மட்டும் அசையவில்லை.

"யூ கேன் லெட் கோ நவ், அப்பா. இட்ஸ் ஓவர்."

"கீழ வீடுகள் இருக்கெல்லோ."

"தே ஆர் பிளாஸ்டிக்!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீடுகளைப் பொறுக்கி எடுக்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை. "முதலிலை தண்ணியை எடு" என்றார்.  அம்மா உடனே ஒரு வாளியைத் தேடிக்கொண்டுவந்து வைத்தார். நான் கடதாசிக் கோப்பையால் ஏரியை அள்ளி அள்ளி வாளிக்குள் ஊற்றினேன். சொசேஜ் முடிந்துவிடும் என்ற அவசரத்தில் பாதியைக் கீழே சிந்தினேன். அப்பா தண்ணீர் மட்டம் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார். மாரியில் குளக்கட்டைக் காவல்காப்பது அப்பாவின் ஊரில் வீட்டுக்கொரு வாரமாக முறை வருமாம். கசிவு கண்டால் மண்மூட்டை போட்டு அடைத்து ஊரைக் கூப்பிட வேண்டும். சண்டை கிட்ட வந்து ஊரே எழும்பி ஓடிய வாரம் அப்பாவின் வீட்டு முறை. அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. அவரும் ஓடினார், எல்லாரும்தான் ஓடினார்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது, குளக்கட்டில் காவலுக்கு ஆளில்லை, அது உடைத்துக்கொண்டது. கட்டுக்குக் கீழே இருந்த வீடுகளில் ஏலாத கிழவனும் கிழவியுமாக இரண்டு பேர் வரமாட்டோம் என்று நின்றிருந்தார்கள். "முகாமிலதான் கேள்விப்பட்டவராம். எனக்கு ஒருக்காத்தான் சொன்னவர்" என்றார் அம்மா. அவர் பிழை இல்லை என்று நான் சொன்னேன். அது அவருக்கும் தெரியும் என்றார் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கடைசிக் கோப்பையையும் அள்ளி, அடியில் நீலப் பெயின்ட் தெரிந்த பிறகுதான் அப்பா கையைத் தூக்கினார். வீடுகள் எட்டும் நனையாமல் நின்றன. விரல்நுனியெல்லாம் சுருங்கி வெளுத்த அவர் கை, தூக்கிய பிறகும் கட்டை அழுத்திப் பிடித்த மாதிரியே விறைத்துப்போயிருந்தது. தண்ணீரில் கிடந்து குளிர்ந்துபோயிற்று என்று நினைத்தேன். என் பள்ளிக் கம்பளி ஜம்பரைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி, ஜம்பரின் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, சொசேஜ் முடியுமுன் வெளியே ஓடினேன்.